இதைத் தொடாதே

பட்டிப்பொலை தாண்டியதும்
போனில் ஒரு கோடு. பிறகு அதுவும் இல்லை.
கடைசியாக வந்தது தனுஷியாவின் செய்தி:
"தண்ணிக்கழிவு ரெண்டு தரம் வெட்டுது அக்கா.
பூனாகலைப் பக்கம் முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு."

மழை நாளில் கொழுந்துச் சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார்கள்.
அந்தக் கணக்கை எழுதியவள் நான்.
நாலு வருடத்துக்கு முன், பண்டாரவளையில்,
ஹார்ட்வெயார் கடைக்கு மேலறையில்,
கீழே தகரம் வெட்டும் சத்தத்தில்.
தலைப்பில் ஒரு வரியும் போட்டு வைத்தேன்:
"இதைத் தொடாதே. பிறகு விளக்குகிறேன்."

சேர்ந்த முதல் வாரமே கேட்டாள்,
ஏன் தொடக்கூடாது?
எனக்கு ஞாபகம் இல்லை.
ஞாபகம் இல்லை என்று சொல்லவும் இல்லை.
"அது கொஞ்சம் சிக்கல்" என்றேன்.

சம்பளம் கொடுத்து ஆள் வைத்துவிட்டு
இரவு பதினொன்றுக்கு மேல் உள்ளே போய்
அவள் எழுதியதை என் எழுத்தாக மாற்றுவேன்.
காலையில் பார்ப்பாள். ஒன்றும் பேசமாட்டாள்.
கோப்பையை மட்டும் சற்றுச் சத்தமாக வைப்பாள்.
"நீ கம்பனி நடத்தல்ல,
பெரட்டுக் களத்தில நிக்கிறாய்"
என்றான் கணக்குப் பார்க்கும் இஃபாம்.

பாஸ்வேர்டைக் கொடுத்தது போன செவ்வாய்தான்,
கொழும்பில் வங்கிக் கூட்டம் என்பதால்.
துண்டுத்தாளில் எழுதி, நாலாக மடித்து,
தாலிக்கொடியை அடகு வைப்பவள் மாதிரி.

சுரங்கம். பொடியன்கள் கூவுகிறார்கள்.
மடியில் கணினி பூனைச் சூட்டோடு கிடக்கிறது,
பூனை அளவுக்கே பிரயோசனமாய்.

ஓஹியாவில் எதிர் ரயிலுக்கு இருபது நிமிடம்.
போனை உயர்த்திப் பிடித்து மேடை முழுக்க நடந்தேன்.
"சிக்னல் இல்ல நோனா" என்றார் கொடிக்காரர்,
மூடுபனிக்குள் இருந்து.

இதல்கஸின்னையில் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன:
"புடிச்சிட்டேன்."
"லொறியை மடுவத்திலேயே நிப்பாட்டச் சொன்னேன்."
"எல்லாருக்கும் திருத்தியாச்சு."
"சாப்பிட்டீங்களா?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
பஸ்ஸில் என் சீட்டில்
வேறு யாரோ உட்கார்ந்தது போல இருந்தது.

ஹப்புத்தளையில் நாலு கோடு.
பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன்.
என் வரியை அவள் அழிக்கவில்லை.
அதன் கீழே:
"தொட்டேன். விளக்கம் இதோ."
பதினொரு வரி.
ஏழாவதில் ஒரு பெயரை மாற்றினால் நல்லது.
விரல் அங்கேயே நின்றது.
தியத்தலாவையும் போனது.

"இல்ல. ரோல்ஸ் மிஞ்சினா
ரெண்டு எடுத்து வை" என்று எழுதினேன்.