சென்னிநாயகம்

களியக்காவிளை சந்தையில் கூடைக்காரன் சொன்னானாம்,
ஒரு மாசக் குட்டி, எல்லாம் தின்னும் என்று.
பொய்.
கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.
ஜெர்ஷா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து
நடைக்காவு வரை பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறாள்.
எண்பது ரூபாய்.
கிறிஸ்மஸுக்கு மாமன் கொடுத்த காசு.

முதல் நாள் காரட் சீவி வைத்தோம்.
மோந்து பார்த்துவிட்டு
அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் பின்பக்கம் முழுக்க நனைந்து கிடந்தது.
கருங்கல் மாட்டாஸ்பத்திரியில்
கம்பவுண்டர் கில்பர்ட் வாலைத் தூக்கிப் பார்த்தார்.
"காரட்டத் தூரப் போடு.
ஆட்டுப்பால், கையில விட்டா சுடப்பிடாது.
மல்லாத்தாத, மூக்குல கேறும்.
பெரிய முயலு ராத்திரி இடுமே
பசபசண்ணு ஒரு புழுக்க,
அதக் கரச்சு ஒரு துளி குடு.
இதுக்க வயித்துல இன்னும் ஒண்ணும் குடிவரல்ல, கேட்டியா."

ஊசி கழற்றிய சிரிஞ்சு.
வெந்நீர் நிரப்பிய பழைய சர்பத் குப்பி,
அதைச் சுற்றி என் நைட்டியின் பாதி.
புழுக்கைக்கு ஸ்டெல்லஸ் வீட்டுக் கூட்டுக்கு
ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போனேன்.
நாய் குரைத்தது.
என்ன வேணும் என்று கேட்டதற்குச் சொன்னேன்.
அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

குட்டி என் கையை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
அண்டி ஆபீஸ் கை இது.
பதினோரு வருஷமாக உடைத்த தோட்டின் எண்ணெய்
ரேகையெல்லாம் கறுப்பாக இறங்கியிருக்கிறது.
சாம்பல் போட்டேன், நாரங்காய் போட்டேன்,
தேங்காயெண்ணெய் போட்டுத் துணியால் துடைத்தேன்.
சிரிஞ்சு கிட்டே போனதும்
முகத்தைத் திருப்பியது.
திரும்பவும் வந்தது, பசிக்குமே.
திரும்பவும் திருப்பியது.

அந்தத் திருப்பலை எனக்குத் தெரியும்.

ஜெர்ஷாவுக்கு அப்போது ஐந்து மாதம்.
வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டுவோம் என்று
ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனான்.
சென்னிநாயகத்தை உரசி
இரண்டு பக்கமும் தடவினேன்.
அவள் வாய் வைத்தாள், எடுத்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்.
மறுபடி வாய் வைத்தாள்.
மூன்று ராத்திரி.
நாலாவது ராத்திரி அவள் கேட்கவில்லை,
எனக்குத்தான் ஜாக்கெட் நனைந்தது.

கில்பர்ட்டிடம் கேட்டிருந்தேன்,
தள்ள முயலு எத்தன தடவ குடுக்கும் என்று.
"ஒரே தடவதான். விடியக்காலத்துல.
அஞ்சு நிமிசம்.
பொறவு கூட்ட மூடிட்டு அந்தால போவும்,
பகலு பூரா கிட்ட வராது.
பாசமில்லாமலா? பக்கத்துல இருந்தா
மணம் பிடிச்சு வல்லதும் வந்து தின்னுட்டுப் போவும்."
அதைச் சொல்லிவிட்டு
அடுத்த ஆட்டுக்கு ஊசி போடப் போய்விட்டார்.
நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

டெனிசன் கடைத் தராசில்
தினமும் ஒரு ஓலைப்பெட்டியில் வைத்து நிறுத்தோம்.
நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பத்து.
நூற்றுப் பத்து.
கடைக்கு வந்தவர்கள் பருப்பு, சீனி மறந்து
எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
ஏழாம் நாள் நூற்றுப் பதிமூன்று.
யாரோ கைதட்டினார்கள்,
குட்டி பயந்து பெட்டியிலேயே மூத்திரம் விட்டது.
டெனிசன் அதையும் கழித்துப் பார்த்தான்.

இன்று நாலரை மணிக்கு எழுந்தேன்.
கையுறைக்குப் பதில்
ஜெர்ஷாவின் ஸ்கூல் சாக்ஸை மாட்டியிருந்தேன்.
குட்டி இரண்டு மில்லி குடித்தது,
மூன்றாவதில் சிரிஞ்சின் நுனியைக் கடித்தது.
பிறகு காய்ந்த புல்லில் ஒன்றை இழுத்து
ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளே,
நெற்றி அசைய.

பெட்டியைத் துணியால் மூடினேன்.
ஜெர்ஷா பாயிலிருந்தே கேட்டாள்:
"நீ போனா அது தேடாதா?"

தேடும் என்றேன்.
முக்கில் ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது.
ஒரு கையில் இன்னும் சாக்ஸ் இருந்ததை
வண்டியில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.