பெகிமாய் பிறந்த இடம்

ஸ்கேன் திரையில் துடித்தவை இரண்டு.
நூர்ஜாத் சிரித்தாள்.
எனக்கு நிவாவின் நினைப்பு:
ஏற்கெனவே பின்சீட்டில் மூன்று பேர்,
முழங்கையோடு முழங்கை.

தோலோன் கணவாயில் பனி பம்பர்வரை ஏறிய இரவு
பெகிமாய் பிறந்தது அதில்தான்.
ஹீட்டர் ஒழுங்காக ஓடியதும்
அந்த ஒரு ராத்திரி.

ஞாயிற்றுக்கிழமை, பிஷ்கேக் வண்டிச் சந்தை.
வாங்க வந்தவன் டயரை உதைத்தான்,
துருவை நகத்தால் சுரண்டினான்,
விலையைக் குறை என்றான்.
குறைத்தேன்.

கைக்காசும் சேர்த்து எடுத்தது
ஒரு வெள்ளை ஸ்ப்ரின்டர்.
ஒன்பது சீட்டு. பக்கவாட்டில் பாதி சுரண்டிய ஜெர்மன் எழுத்து,
ஏதோ ரொட்டிக்கடையாம்.
உள்ளே பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.
சண்டைபோடக்கூட எட்டவில்லை.

"நான் பிறந்த இடத்தை எவ்வளவுக்கு விற்றாய்?"
பெகிமாய் கேட்டாள்.
சொன்னேன்.
"இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்."

கண்ணாடியில் பார்த்தால்
அவன் நிவாவின் கதவை அறைந்துகொண்டிருக்கிறான்,
மூன்றாம் முறை, நான்காம் முறை.
நிறுத்து என்றாள் நூர்ஜாத்.

இறங்கி ஓடினேன்.
"அடிக்காதே. லேசாகத் தூக்கு,
பிறகு தள்ளு."

தூக்கினான், தள்ளினான்.
அவனுக்கும்
உடனே சாத்திக்கொண்டது.