மூன்று டன் குறைவு

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள்.
கார்த்திகை மழையில் கான்கிரீட் தொட்டி மிதக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

சொன்னார். பொய் எதற்கு.
பூச்சு காய்ந்த அன்றைக்கே மேஸ்திரி அந்தோணிராஜ் சொன்னார்:
"சும்மா போட்டு வைக்காதீங்கம்மா, தண்ணி ரொப்புங்க."
லாரித் தண்ணீர் எண்ணூறு ரூபாய்.
குடிபோகாத வீட்டுக்கு எதற்குத் தண்ணீர் என்று
பஹ்ரைனிலிருந்து மச்சானும் கேட்டார்.
மூடியை இழுத்துப் போட்டு
பூனை தள்ளாமலிருக்க ஒரு செங்கல்லை வைத்தேன்.

முத்துப்பேட்டையில் எட்டு நாள் மழை.
பாமணி ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போனது,
தாண்டவில்லை.
வெள்ளம் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.
அது கீழே வந்துகொண்டிருந்தது,
மணலுக்குள்,
கதவைத் தட்டாமல்.

ஒன்பதாம் நாள் கொல்லைக்குப் போனால்
தரையோடு தரையாய்க் கிடந்த தொட்டி
ஓரடி எழுந்து நிற்கிறது,
ஒரு பக்கம் சாய்ந்து,
குட்டையிலிருந்து தலை தூக்கிய எருமை போல.
குழாய் முறிந்திருந்தது.
செங்கல் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

வீடியோவில் காட்டினேன்.
"யாரும்மா தோண்டினது?" என்றார்.

சேதக் கணக்கு எடுக்க வந்த ஓவர்சியர் செண்பகவல்லி
தொட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
டேப்பை நீட்டி, கரண்டு அட்டையின் பின்பக்கம் எழுதினார்:
நீளம் பன்னிரண்டு, அகலம் எட்டு, ஆழம் ஆறு.
"இவ்வளவு இடத்தில் தண்ணீரே இருந்திருந்தால்
பதினாறு டன் இருக்கும்.
உங்கள் தொட்டி பதின்மூன்றுதான்."

அவ்வளவுதானா?

"அவ்வளவுதான். இடத்தைப் பிடித்தால்
அங்கே இருந்திருக்கக்கூடிய தண்ணீரின் எடையைக் காட்டணும்.
காட்டாவிட்டால் தூக்கிவிடும்.
ஓரடி மேலே வந்ததும் கணக்கு நேராகிவிட்டது,
நின்றுவிட்டது."

டீ ஆறிப்போய்விட்டது, வேறு போடுகிறேன் என்றேன்.
வேண்டாம் என்று அதையே குடித்தார்.

அலையாத்திக் காட்டுக்குப் போகும் படகில்
நூறு முறை ஏறியிருக்கிறேன்.
ஆள் ஏற ஏற அது நாலு விரல் இறங்கும்,
இன்னும் நாலு விரல்;
கூடின எடைக்குக் கூடின தண்ணீரை ஒதுக்கி
நின்றுகொள்ளும்.
அதை யாரும் அதிசயம் என்று சொன்னதில்லை.
படகு மிதப்பதற்கும் என் தொட்டி மிதந்ததற்கும்
ஒரே கணக்கு.
படகுக்கு அது பிழைப்பு,
எனக்கு நஷ்டம்.

நிறைகுடம் தளும்பாது என்று படித்தது
அடக்கத்தைப் பற்றி என்று நினைத்திருந்தேன்.
மூவாயிரம் லிட்டர் உள்ளே இருந்திருந்தால்
வெளித்தண்ணீரை உள்தண்ணீர்
அமர்த்தியிருக்கும்.

முறிந்த வாயை அடைத்துவிட்டு
அன்று மாலை மோட்டார் வைத்து
கொல்லையில் நின்ற தண்ணீரையே
அதற்குள் இறைத்தேன்.
காசில்லாத தண்ணீர்.
தொட்டி முனகியது. மெதுவாக இறங்கியது.
அரையடி.
அப்புறம் அசையவில்லை.
அது எழுந்திருந்த நேரத்தில்
அடியில் சேறு வந்து உட்கார்ந்துவிட்டது.
யாரைச் சொல்லி எழுப்புவது.

ராத்திரி மச்சான் கேட்டார்:
"பழையபடி இறங்கிடுச்சா?"

அரையடி பாக்கி என்றேன்.
சரி, வந்து பார்க்கிறேன் என்றார்.
எப்போது என்று நான் கேட்கவில்லை.