டோக்கன் பதினேழு

நாலு ரோட்டில் நூருல்லாவின் கடை
ஒரு பீரோ அகலம்தான்.
விரிசல் விட்ட திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து
"பசை காயணும்க்கா, ஏழு மணிக்கு வாங்க" என்றார்.
அப்போது மணி மூன்றே கால்.
மூன்றே கால் என்பதும்
அவர் கடைச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பதினேழு என்று எழுதிய அட்டைத் துண்டோடு
ரோட்டோரம் நின்றேன்.
கட்டை விரல் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது
துப்பட்டா நுனியில், பை வாரில், வெறும் காற்றில்.
இரண்டு முறை இடுப்பருகே அதிர்ந்தது
இல்லாத போன்.

ஆட்டோ கூப்பிட அது வேண்டும்.
டீக்குக் காசு கொடுக்கவும் அதுவே.
பையைக் கவிழ்த்துத் துழாவியதில்
தலைவலி மாத்திரை அட்டைக்குப் பின்னால்
நாலாய் மடிந்த ஐம்பது ரூபாய்,
எந்த வருஷத்து அவசரத்துக்கு வைத்ததோ.
மனப்பாடமாய்த் தெரிந்த எண் ஒன்றே ஒன்று.
அது விவாகரத்துக்கு முந்தியது.
அழைக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளின்
வரிக் கணக்கெல்லாம் என் தலையில்.
யாராவது தேடுவார்களே என்று
முதல் அரை மணி நேரம் பயந்தேன்.
யாரும் தேட மாட்டார்களோ என்று
அடுத்த அரை மணி நேரம்.

தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு.
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
பீட்ரூட் துருவல், வெங்காயம்,
மேலே இன்னொரு தட்டுவடை வைத்து
கட்டை விரலால் ஒரு அமுக்கு.
(அவர் விரலுக்கு வேலை இருந்தது.)
படம் எடுக்கப் போன கையில்
வடை இருந்தது. தின்றேன்.
முழங்கை வரை வழிந்தது சாறு.
எட்டு வருஷமாய் இதே வண்டி,
இவர் இவ்வளவு பூண்டு போடுவார் என்று
எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்கே திரும்பிவிட்டேன், வெட்கமில்லாமல்.
கடை பாதி ஷட்டர்.
"மாடில இருப்பாரு" என்றான் ஜெராக்ஸ் கடைப் பையன்
தன் திரையிலிருந்து தலை தூக்காமல்.

தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று
வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார் நூருல்லா.
"காலைலேர்ந்து இருவத்தாறு போன்க்கா.
எல்லாம் லென்சு வழியா, எறும்புக் கண்ணு மாதிரி ஸ்க்ரூ.
தூரமா கொஞ்ச நேரம் பாக்கலேன்னா
ராத்திரி மூடின கண்ணுக்குள்ள
ஸ்க்ரூ உருண்டுகிட்டே இருக்கும்."

சேர்வராயன் மலை
நீலத்திலிருந்து கறுப்புக்குப் போகும் வழியில் இருந்தது.
பாதி உயரத்தில் ஒரு விளக்கு
ஊர்ந்து, வளைவில் அணைந்து,
நான் மறந்துபோன நேரத்தில்
இன்னும் மேலே முளைத்தது.
"ஏற்காட்டு பஸ்ஸா?"
"இருக்கும். லாரியாவும் இருக்கும்."
தெரிந்துகொள்ளும் வழி
கீழே, பசை காய்ந்துகொண்டிருந்தது.
தெரியாமலே பார்த்தோம்.
தோள்கள் காதுவரை ஏறி இருந்தது
அவை இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஏழு மணிக்கு உயிர் வந்தது போனுக்கு.
அறுபத்து மூன்று செய்திகள்.
அதில் ரோஜாப் பூ பதினொன்று.
அவசரம் ஒன்று.
அதுவும் ஐந்தரைக்கே தானாய்த் தீர்ந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் போனேன்.
"மறுபடி உடைச்சிட்டீங்களா?"
"இல்ல. ஏழு மணி வரைக்கும் வச்சிருங்க."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பதினேழு வேறு யாருக்கோ போயிருந்தது,
நான்கு கொடுத்தார்.
நோட்டில் 'குறை' என்ற கட்டத்தில் என்னவோ எழுதினார்.
தலைகீழாய் இருந்ததால் படிக்க முடியவில்லை.
பையில் இந்த முறை நூறு ரூபாய், சில்லறையாக.

அன்று மலை மேல் மழை.
மாடியிலிருந்து ஒரு விளக்கும் தெரியவில்லை.
ஏழு மணி ஆக
ரொம்ப நேரம் ஆனது.