தோலோடு ஒரு பழம்

மாசிலாமணி அண்ணன் முதன்முதலில் எனக்குத் தந்தது
உரித்த ஆரஞ்சு.
சீனப் புத்தாண்டு முடிந்து மலிவாகக் கிடந்த நேரம்.
நார்கூட இல்லாமல் சுளை சுளையாய்ப் பிரித்து
டிஷ்யூவில் வைத்து நீட்டினார்.

பயிற்சி வகுப்பில் முதல் வரிசை நான்.
தொட்டால் பரவாது, எச்சிலில் பரவாது,
தட்டில், கழிப்பறையில், கொசுக்கடியில் பரவாது.
எல்லாவற்றுக்கும் சரியாக எழுதி
சான்றிதழும் வாங்கியிருந்தேன்.
"அப்புறம் சாப்பிடுறேன் அண்ணே"
என்று பையில் வைத்தேன்.
பெண்டமியர் பேருந்து நிறுத்தத்தில்
குப்பைத் தொட்டியில் போட்டேன்.
கையைத் துடைத்தேன்.
துடைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் அவர் தந்தது
தோலோடு ஒரு பழம்.
அதற்கடுத்த வாரமும் அப்படியே.
ஒருமுறை, உறை பிரிக்காத பிஸ்கட்.
எதுவும் கேட்கவில்லை.
எனக்கு வசதியாக இருக்கட்டுமென்று
தன் விரல்களை விலக்கிக்கொண்டார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
இருபது டன் கொள்கலனை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைத்த கை.
ஈசூனில் தம்பி வீட்டில்
அவருக்கென்று ஒரு கோப்பை வந்தது,
பிறகு ஒரு தட்டு,
பிறகு ஒரு வாளி.
சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில்களில்
கடைசிக் கம்பு அவர் சட்டைக்கு மட்டும்.
"பொண்ணு பார்க்க வர்றாங்கண்ணே,
ரெண்டு வாரம் மட்டும்..." என்றான் தம்பி.

அந்த இரண்டு வாரம்
பதினோரு மாதம் நீண்டது.

சாங்கியில் பெட்டி வைத்திருந்தால் பயணி,
இல்லாவிட்டால் கேள்வி.
அதனால் ஒரு காலிப் பெட்டி வாங்கினாராம்.
ஈஸ்ட் கோஸ்ட்டில் மழை.
வாம்போ புளோக்கின் கீழ்த்தளத்தில்
சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை,
"ராஜா மாதிரி நடுக்கட்டத்துல தலை வச்சுப் படுப்பேன்."
எங்கே படுத்தாலும்
இரவு ஒன்பதுக்குக் கைப்பேசி கூவும்.
காப்பிக் கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி
தூண்பக்கம் திரும்பி
மாத்திரையை விழுங்குவார்.

ரத்தத்தில் கிருமி
கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது,
உங்களிடமிருந்து யாருக்கும் தொற்றாது
என்றார் மருத்துவர்.
அந்தத் தாளை மடித்துப்
பெட்டிக்குள் வைத்தார்.
பெட்டிக்கு அதுதான் முதல் சாமான்.
"கிருமியையும் கண்டுபிடிக்க முடியல,
என்னையும் கண்டுபிடிக்க முடியல,
கடுதாசியெல்லாம் திரும்பிப் போவுது"
என்று சிரித்தார்.
எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

வீவக வாடகை வீட்டுப் படிவத்தில்
கூடத் தங்குபவர் பெயருக்கும் ஒரு கட்டம்.
"அந்த ஆளுகிட்ட சொல்லணுமாம்மா?"
சட்டப்படி தேவையில்லை என்றேன்.
"சட்டமா வந்து
என் மாத்திரை டப்பாவைப் பார்க்கப்போவுது?"

இரவுக் காப்பகத்தில் எதிர்க்கட்டில் கோ டெக் செங்.
அறுபத்தெட்டு வயது, பழைய டாக்சிக்காரர்,
ரத்த அழுத்தம், ஒரு காது மந்தம்.
அவரிடம் அண்ணன் சொன்னது
பாதி மலாய், பாதி கைஜாடை.
காது கேட்கும் பக்கமாய்ப் போய்
இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.
கோ யோசித்தார். நெடுநேரம்.
நான் படிவத்தைப் பார்ப்பதுபோல்
எதையும் பார்க்காமல் இருந்தேன்.
பிறகு கேட்டார்:
"குறட்டை விடுவியா?"

சாவி வாங்கிய அன்று
பெட்டி கனத்தது. ஒரு முனையை நான் தூக்கினேன்.
மின்தூக்கி பழுது.
மூன்றாம் மாடிப் படியிலேயே
மூன்று பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம்.
அண்ணன் பையிலிருந்து பழம் எடுத்து உரித்தார்.
நாளிதழில் நாலு நம்பர் முடிவைப் பார்த்தபடியே
கோ வாயைத் திறந்தார்,
அண்ணன் ஒரு சுளையை உள்ளே போட்டார்.
விதையைத் துப்பிவிட்டு
மறுபடி திறந்தார்.

நானும் கையை நீட்டினேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.
பையிலிருந்து தோலோடு ஒன்றை எடுத்தார்.
திரும்ப வைத்தார்.
மறுபடி எடுத்தார்.