லாமோ

கர்ப்பிணி அட்டையின் பின்பக்கம்
பென்சிலால் எழுதியிருந்தேன்.
வவுனிக்குளத்திலிருந்து வரும் பஸ்ஸில்
பக்கத்து இருக்கைக்கு ஒரு மாஸ்டர் வர
எச்சில் தொட்டு அழித்தேன்.

மல்லாவிக் கிளினிக்கில் இருபத்துமூன்றாம் நம்பர்.
நிறை, பிரஷர், வயிற்றுக்கு நாடா,
திரிபோஷா இரண்டு பைக்கற்.
ஒருத்திக்கு மூச்சு முட்டுதாம்,
ஒருத்திக்குக் கால் வீக்கம்,
ஒருத்தி வாங்கிலேயே நித்திரை.
எல்லாருக்கும் வயிறு இருந்தது.
வயிறு வந்த வழியைப் பற்றி
ஒருத்தரும் கதைக்கவில்லை.

மெற்றில்டா மிஸ் அட்டையைத் திருப்பினா,
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தா.
அழித்த இடத்தில்
"லாமோ" மட்டும் மிஞ்சியிருந்தது.
"என்ன நிறோஜா, எது லாமோ?"

திரைக்கு அப்பால் ஒரு செருமல்.
அவர் யானைக் காவலுக்குப் போறார் மிஸ், என்றேன்.
"யானை எப்ப தொடக்கம் வருது?"
யானை மார்கழியில்தான் வந்தது.
அவர் ஐப்பசியிலிருந்தே போறார்.

போன முறை பத்தாம் கிழமை.
முதல்நாள் இரவு சேர்ந்திருந்தோம்,
விடியப் பாயில் இரத்தம்.
லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனார்,
பள்ளங்களில் எல்லாம் என்னைப் பார்த்து
"சொறி, சொறி" என்றபடி.
மாமி ஒன்றும் கேட்கவில்லை.
பாயை மட்டும் எரித்தா.

மிஸ் பேனையை மூடினா.
"அது அந்த இரவால இல்லை பிள்ளை.
அநேகமா, கரு கூடேக்கையே பிழைச்சிருக்கும்.
நீங்கள் ஆளுக்கொரு ஊரில படுத்திருந்தாலும்
அது நிண்டிராது."
இரண்டு வருசம்.
சொல்லி முடிக்க அரை நிமிசமும் போகவில்லை.

பிறகு கிளிநொச்சி ஸ்கான் தாளை விரித்தா.
"பிள்ளை தண்ணிக்குள்ள கிடக்குது,
கருப்பை வாய் பூட்டியிருக்கு,
கனபேருக்குப் பயப்பட ஒண்டுமில்லை.
உமக்குத்தான் நச்சுக்கொடி
வாசலில குந்தியிருக்கு.
வயிறு வளர மேல ஏறும், அநேகமா ஏறும்.
முப்பத்திரண்டாம் கிழமை திரும்பப் பாப்பம்,
அதுவரைக்கும் கதவைத் திறக்க வேண்டாம்.
ஒரு துளி சிவப்புக் கண்டாலும், தண்ணி கசிஞ்சாலும்
இரவெண்டு பாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போம்."
குரலைத் தாழ்த்தினா.
"அவருக்கு எரிவு, புண் எண்டு ஏதும்?"
இல்லை மிஸ்.
"வந்தால் வெக்கப்படாமல் ரெண்டுபேரும் வாங்கோ.
கொடி ஏறின பிறகும்
உமக்கு மனமில்லையெண்டால் வேண்டாம்தான்.
அதுக்கு ஸ்கான் தேவையில்லை."

அப்ப தொடவே கூடாதோ மிஸ்?

முதல்தரம் சிரித்தா.
"கதவு எண்டுதானே சொன்னன்.
வீடு முழுக்க இருக்கே."

பின்னேரம் ஐந்தாம் வாய்க்காலுக்கு நடந்தேன்.
பாலைமரத்துப் பரணில் சுகிர்தன்
யானை வெடிகளை வெயிலில் பரப்பியிருந்தார்.
ஏறாதையும், ஏறாதையும் என்று கத்தியபடி
தானே இறங்கி வந்தார்.
இன்னும் பன்னிரண்டு கிழமைக்குக் கூடாதாம், என்றேன்.
அவருடைய தோள்கள் இறங்கின,
யாரோ மூட்டையை வாங்கிக்கொண்டதைப் போல.
அதோட, போனது உங்களால இல்லையாம்.

வரம்பில் குந்திவிட்டார்.
கதிர் பால் பிடிக்கும் வாசம்.
வாய்க்காலின் மறுகரையில்
யாரோ மாட்டை ஏசிக்கொண்டு போனார்கள்.
அவர் தண்ணீரில் கை கழுவினார்,
வெடிமருந்து போன பிறகும் கழுவினார்,
சாரத்தில் துடைத்தார்,
துடைத்த கையை ஒருதரம் மணந்து பார்த்தார்.
பிறகு, என்னைப் பாராமல்,
வயிற்றைப் பார்த்துக் கேட்டார்:
தொடலாமோ?

அன்றிரவு யானை வந்ததாம்.
மூலைப்பக்கம் கால் ஏக்கர் போய்விட்டதென்று
பக்கத்து வயல்காரர் காலையில் வந்து ஏசினார்.
எங்களுக்குக் கேட்கவில்லை.