ஏறியவை, இறங்கியவை

மூன்று மணி பத்து. ஃபோர்ட், மூன்றாம் மாடி.
குறியீட்டெண் புதிய உச்சம் என்று
தொலைக்காட்சியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார்.
பவேஷ் பாய் எல்லோருக்கும் கட்டிங் சாய் சொல்லிவிட்டார்.
திரையின் அடி ஓரத்தில்
யாரும் பார்க்காத இரண்டு எண்கள்.
ஏறியவை அறுநூற்றுப் பன்னிரண்டு.
இறங்கியவை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு.

ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்.
இன்று வடத்தில் ஐந்தே பேர்:
இரண்டு வங்கி, ஒரு எண்ணெய், ஒரு மென்பொருள்,
பெயர் சொன்னால் என் வேலை போகும் ஒன்று.
தேர் என்னவோ நகர்கிறது.

ஹார்பர் லைன், மகளிர் பெட்டி, மடியில் கட்டம் போட்ட நோட்டு.
ஏறியதில் இறங்கியதைக் கழித்து
பத்து நாள் சராசரி எடுத்து
குர்லா வருவதற்குள் பென்சிலால் ஒரு புள்ளி.
மூன்று வாரமாக மேல்கோடு மாடி ஏற
என் புள்ளிகள்
கிணற்றுப் படி இறங்குகின்றன.
ஐம்பது நாள் சராசரிக்கு மேலே நிற்பவை
நூற்றுக்கு முப்பத்தொன்று.
எதிர் சீட்டு வனஜாட்சி எட்டிப் பார்த்தாள்.
"யாருக்குக் காய்ச்சல்?
ஆஸ்பத்திரி அட்டை மாதிரி இருக்கே."

மறுநாள் விற்றேன். என்னுடையதை, முழுதும்.
வளையலை அடகு வைத்து வாங்கியதையும்.
பவேஷ் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஓடுற குதிரையிலிருந்து இறங்கிட்டியே, பெஹன்."

அப்புறம் பதினோரு நாள்
ஏறியது.
சாய் வந்துகொண்டே இருந்தது.
ஆறாம் நாளிலிருந்து நோட்டை எடுத்துப் போகவில்லை.
எட்டாம் நாள் திரையின் அந்த ஓரத்தில்
மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டினேன்.
பதினொன்றாம் நாள், மூன்று இருபத்தெட்டுக்கு,
விற்ற விலைக்கு மேல் நூற்றுக்கு ஒன்பது கொடுத்து
அதே பங்குகளைத் திரும்ப வாங்கினேன்.
சீட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
ஏறியவை முன்னூற்று நாற்பது.
பார்த்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினேன்.

பன்னிரண்டாம் நாள்
ஐந்து பேரில் ஒருவன்
வடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை உதறினான்.
அவ்வளவுதான்.

எண்கள் என்னிடம் பொய் சொன்னதில்லை.
என்றைக்கு என்று கேட்டதற்குத்தான்
கடைசி வரை வாய் திறக்கவில்லை.

இரவு வண்டி. வடாலாவில் நான்கு பேர் இறங்கினார்கள்,
ஒருத்தி ஏறினாள், கூடையோடு.
விட்டுப்போன ஏழு கட்டங்களைத்
தேதி பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தேன்.
"ஆளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாள் வனஜாட்சி.
"ஜுரம் இறங்கிடுச்சு" என்றேன்.
கடைசிப் புள்ளிக்குத் தாளில் இடமில்லை.
அடியில் செருகியிருந்த அடகுச் சீட்டு
ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
அதன் மேல் வைத்தேன்.